வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள் தம்பி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் தரம் 3 வரை படித்த மகனை இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டிலும் இங்கிலிஷிலேயே கதைக்கச் சொல்லி வகுப்பு ரீச்சர் சொல்லிவிட்டார், தமிழை நிறுத்துவதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. ரீச்சர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்களுக்குத் தட்டுத்தடுமாறி வருகிற இங்கிலிஷில் பிள்ளையோடு எதைக் கதைப்பீர்கள்? சாப்பிடு, படு, ஹோம்வேர்க் செய். அதோடு சரி.

விளையாட்டுத் திடல் இங்கிலிஷ் தானாக வரும். கொஞ்ச நாளில் மகன் வாயடிக்கிற வேகத்தில் நீங்களே பூரித்துப்போவீர்கள். அங்கேதான் கவனம். பாடப்புத்தக இங்கிலிஷ் வேறு. இங்கே ரொறன்ரோவில் இதை ஆராய்ந்த பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், பேச்சு பிடிபடச் சுமார் 2 வருடம், படிப்பில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக நிற்க 5 முதல் 7 வருடம் என்று கணக்குச் சொன்னார். அதனால் பேச்சைக் கேட்டு மயங்கி, இங்கிலிஷ் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கிற ஈஎஸ்எல் உதவி இனி வேண்டாமென்று நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த வகுப்பு ஏதோ மானக்குறைவு!

ஒரு மொழியில் விளங்கினது மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். மகனுக்குப் பெருக்கல், வகுத்தல் ஊரிலேயே தெரியும். அதைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. இங்கே நாலாம் வகுப்பு விஞ்ஞானத்தில் உணவுச் சங்கிலி வரும். முதல்நாள் இரவு தமிழிலேயே கேளுங்கள். வயலில் நெல்லை யார் தின்பது? எலி. எலியை? சாரைப்பாம்பு. பாம்பை? பருந்து. சரி, மருந்து வைத்து எலியெல்லாம் செத்தால் பருந்து என்ன செய்யும்? அரைமணி நேரம் கதை போகும். அடுத்தநாள் ரீச்சர் சொல்வதில் பாதி அவனுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கும்.

பிள்ளைக்கு வீட்டு மொழியிலும் படிப்பிப்பதா, இங்கிலிஷில் மட்டுமா என்று அமெரிக்காவில் பெரிய இழுபறியே நடந்தது. கலிபோர்னியாவில் 1998இல் வாக்கெடுப்பு வைத்து இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் ஒழித்தார்கள்; 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இங்கே எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 23 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் கல்விச்சபை அந்த மொழிக்கு வகுப்பு நடத்த வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அப்படி வந்ததுதான். சேர்த்துவிடுங்கள், ஆனால் கிழமையில் அந்த இரண்டரை மணித்தியாலத்தை நம்பி வீட்டில் சும்மா இருக்காதீர்கள்.

எனக்குப் பயம் உங்கள் மூன்று வயது மகளைப் பற்றித்தான். வாசிக்க, எழுதத் தெரிந்த மூத்தவனிடம் தமிழ் கொஞ்சமாவது தங்கும். சின்னவளோ அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருகிற இங்கிலிஷில்தான் கதைக்கப் பழகுவாள். அண்ணனைக் கொண்டே அவளுக்கு இரவில் தமிழ்க் கதை வாசிக்க வையுங்கள், அவனுக்கும் வாசிப்பு விட்டுப்போகாது. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடப்புத்தகங்கள் இலவசமாகவே இருக்கின்றன. அப்புறம், ஊரிலிருந்து வருகிற ஆட்களிடம் ஒடியலும் மிளகாய்த்தூளும் சொல்லிவிடும்போது நாலு கதைப்புத்தகமும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.