சும்மா பொழுதுபோகத் தைத்தவர்கள்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் எங்கள் பழைய வீட்டைக் காலிசெய்தபோது அம்மம்மாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே அவர் பூத்தையல் போட்ட தலையணை உறைகள், ஒரு மேசை விரிப்பு. இவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா? எப்படித் துவைப்பது? இலங்கையில் இந்தக் கலைக்கு வரலாறு உண்டா? லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் எலிசபெத் பார்க்கர் என்ற வேலைக்காரப் பெண் 1830 அளவில் சிவப்பு நூலால் தன் கதையைத் தைத்த துணி இருக்கிறதாம், படம் பார்த்தேன். வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் மௌனக் கவிதை அல்லவா இது? பொழுதுபோக்காகத் தைத்தாலும் அதில் எவ்வளவு மனம்! அம்மம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது.

ஒரு வாசகர்

தம்பி,

என் சின்னம்மாவின் தையல் பெட்டி யாருக்கு என்று எங்கள் வீட்டில் ஒரு சின்னத் தகராறு போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

துவைப்பது பெரிய விசயமில்லை. நூல் சாயம் விடுகிறதா என்று ஈரத்துணியால் ஒற்றிப் பாருங்கள். பிளீச் வேண்டாம். மாட்டுவதென்றால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

இனி அந்த மௌனக் கவிதை. பூத்தையல் என்றதும் இந்த ஆண்பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் கவிதை வருகிறதோ! எலிசபெத் பார்க்கர் தைத்ததை வாசித்தீர்களா, படத்தை மட்டும் பார்த்தீர்களா? வேலைக்குப் போன வீட்டில் எசமான் செய்த கொடுமையையும், செத்துப்போகலாம் என்று தான் நினைத்ததையும் எழுத்தெழுத்தாகக் குறுக்குத் தையலில் சொல்கிறாள். தன் ஆன்மாவின் கதி என்ன என்று கேட்கும் இடத்தில் பாதி வசனத்தில் நிற்கிறது. இதில் எங்கே மௌனம்? வேலைக்காரி ஒருத்தி கொடுத்த முறைப்பாடு அது.

நான் கொஞ்ச நாளாகச் சொல்லிவருவது இதுதான்: தைத்தவளின் மனதைத் தேடுவதை விட்டுவிட்டு அவளுடைய கூலியைத் தேடுங்கள். இங்கிலாந்தின் பூத்தையல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பெயர்போனது. வத்திக்கான் 1295இல் எடுத்த பொருட்பட்டியலில் அந்த நாட்டு வேலைப்பாடுகள் நூற்றுக்கு மேல். அவற்றைத் தைத்த பெண்களில் பெரும்பாலானோர் யாரென்று தெரியாது. ஆனால் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மேபல் என்பவளை நமக்குத் தெரியும். ஏன் தெரியும்? மூன்றாம் ஹென்றி மன்னனின் கணக்குகளில் அவள் பெயர் இருக்கிறது. 1239இலிருந்து சில வருடங்கள் அவனுக்காகத் தைத்திருக்கிறாள். வேலை தெரிந்த லண்டன்காரரை வைத்து மதிப்பிட்டு அவளுக்கு உரியதைக் கொடுக்கவும் உத்தரவாகியிருக்கிறது. 1256இல் மன்னன் அவளுடைய ஊருக்குப் போனபோது, ஒரு மேலங்கிக்கென்று துணியும் முயல் உரோமமும் கொடுக்கச் சொன்னான். காசு கைமாறிய இடத்தில் யாரோ எழுதிவைத்ததால் ஒரு பெண் மிஞ்சினாள். இங்கிலாந்தின்மீது 1066இல் நோர்மானியர் படையெடுத்ததைச் சொல்லும், பிரான்சின் பேயோ (Bayeux) நகரத்துப் பூத்தையல் துணி ஏறக்குறைய 70 மீட்டர் நீளம்; அதைத் தைத்த ஒருத்தியின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

பிற்காலத்தில் தையல் வேலை கொடுத்த முகவர்கள் அந்த ஹென்றி மன்னன் அளவுக்குக்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் அயர்ஷயர்ப் பக்கம் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஞானஸ்நானச் சட்டைகளுக்குப் பூத்தைத்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்த பெண்கள். துணி முகவர் வழியாக வரும், தைத்தது முகவர் வழியாகப் போகும். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி தட்டுப்பட்டது, சுவிற்சர்லாந்தின் இயந்திரத் தையலும் மலிவாக வந்தது. தொழில் படுத்துவிட்டது.

சின்னம்மா கொட்டாஞ்சேனையில் இருந்தார். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தார். துணி கடையுடையது, நூல் சின்னம்மாவின் காசு. விரலில் ஊசி குத்தி ஒரு பொட்டு இரத்தம் பட்டுவிட்டால் துணியின் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டு உறையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த வீட்டுக் கட்டில்களில் கிடந்த அழகான உறைகள் எல்லாம் கடை தள்ளியவைதான். பக்கத்து வீட்டார் கேட்டால் சின்னம்மா “சும்மா, பொழுதுபோகத் தைக்கிறன்” என்பார். சித்தப்பா கந்தோர் உத்தியோகத்தர். மனைவி கூலிக்குத் தைக்கிறாள் என்று தெரிந்தால் மரியாதை என்னாவது? மூத்தவளின் டியூசன் காசு எங்கிருந்து வந்ததென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரும் பொழுதுபோக்கு என்றே சொன்னார். செத்தவீட்டில் எல்லோரும் “நல்லாப் பூத் தைப்பா” என்றார்கள். “உழைச்சுப் பிள்ளையைப் படிப்பிச்சா” என்று ஒரு வாய் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதனால்தான் உங்கள் பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கண்டதும் இவ்வளவு கோபம். நீங்களாக அதைச் சொல்லவில்லை என்று தெரியும். உங்கள் வீட்டில் சொல்லித் தந்திருப்பார்கள்.

இலங்கை வரலாறு கேட்டீர்கள். உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிகள் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலையில் தையலும் பாடம். கண்டிப் பகுதி வெற்றிலைப் பைகளில் சிவப்பும் நீலமுமான நூல் வேலையைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசும் எல்லோரும் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி சிங்களக் கலைகளைப் பற்றி 1908இல் வெளியிட்ட பெரிய நூலைக் காட்டுவார்கள். இங்கே வந்து பூத்தையலைத் தேடிப் படித்த அவருடைய மனைவி எதெல் (Ethel) என்பவரை ஒருவரும் சொல்வதில்லை. பின்னாளில் இங்கிலாந்தில் பேர்போன நெசவாளர் அவர். (குமாரசுவாமி கொழும்பில் பிறந்த 1877இல்தான் சிங்கர் தையல் இயந்திரக் கொம்பனியும் இலங்கைக்கு வந்தது. எங்கள் வீடுகளுக்கு எது கூடப் பயன்பட்டதென்று நான் சொல்லப்போவதில்லை.)

அம்மம்மாவுக்குக் கண் தெரியாது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். காது கேட்கும்தானே? பக்கத்தில் போய் இருங்கள். இவை விற்கத் தைத்ததில் மிஞ்சியவையா, வீட்டுக்கே தைத்தவையா? விற்றதென்றால் ஒரு உறைக்கு எவ்வளவு கொடுத்தார்கள், நூல் யாருடைய காசு, அந்தக் காசு யார் கைக்குப் போனது? எல்லாம் கேளுங்கள். முதலில் “அதொண்டுமில்லை, சும்மா” என்பார். விடாதீர்கள், இன்னொரு நாள் திரும்பக் கேளுங்கள். தொகையைச் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம்.