மரத்தில் காது வைத்தவர்

வணக்கம் ஐயா,

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கிறாள், இது கடைசி வருஷம். ஆய்வுக்குத் தென்னை மரங்களில் ஒலிவாங்கி பொருத்தி, உள்ளே வண்டுப் புழு இருக்கிறதா என்று கேட்கப் போகிறாளாம். சூழலியல், ஒலிப்பதிவு, உணவுத் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் சேர்த்து உலகமெங்கும் ஆய்வு நடக்கிறது, சிப்ஸ் நொறுங்கும் சத்தத்தைக்கூட ஆராய்கிறார்கள் என்கிறாள். என் தமையனார் விடுகிறார் இல்லை. "விவசாயம் படிக்க அனுப்பின பிள்ளை ரேடியோ கேட்டுக்கொண்டு திரியுது, இது ஆராய்ச்சியோ கூழோ?" என்று சாப்பிட இருந்தால் ஒரே பகிடி. பிள்ளை அழாத குறை. நீங்கள் முன்பு வானொலிக்கு எழுதியவர் என்பதால் கேட்கிறேன். இது உண்மையான படிப்புத்தானா? இதற்கு வேலை கிடைக்குமா?

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை பற்றி எனக்கு நம்பிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் படிப்பைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். மற்றதற்கு வருவோம்.

எங்கள் கொக்குவில் வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு தென்னம்பிள்ளை நின்றது. ஐந்தாறு வயதிருக்கும், முதல் பாளை விட்டிருந்தது. ஒருநாள் பெரியப்பா தேத்தண்ணி குடித்துவிட்டுக் கை கழுவப் போனவர், அந்த மரத்தடியில் நின்றுவிட்டார். தண்டில் விரல் நுழையுமளவு ஓட்டை. அதிலிருந்து மண்ணிறமாக ஒழுகிக் காய்ந்த சாறு, சப்பித் துப்பியது போலத் தும்பு. சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி காதை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. நானும் காதை வைத்தேன். எனக்குள் இரத்தம் ஓடும் இரைச்சல்தான் கேட்டது. "கறகறக்குது, கேக்கேல்லையோ?" என்றார். கேட்கிறது என்று பொய் சொன்னேன். சில மாதங்களில் குருத்துச் சாய்ந்தது. மரத்தைத் தறித்துப் பிளந்தபோது உள்ளே பெருவிரல் தடிப்பில் புழுக்கள், தும்பைச் சுற்றிக் கட்டிய கூடுகள், புளித்த மணம்.

அது சிவப்பு வண்டு. கறுப்பு வண்டு துளைத்த காயத்திலோ, நாங்கள் கத்தியால் கொத்திய காயத்திலோ முட்டையிடும். புழு வெளியே தலை காட்டாது, தண்டுக்குள்ளேயே தின்று வளரும். ஓலை வாடி எங்கள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் இங்கே கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். உங்கள் மகள் செய்ய நினைப்பது வெள்ளைக்காரனின் வேலையற்ற வேலை அல்ல என்பதையும் மாமாவுக்குச் சொல்லலாம். இலங்கை ஆய்வாளர்களே, பூச்சியியல் தெரிந்தவர்களும் பொறியியல் தெரிந்தவர்களுமாகச் சேர்ந்து, புழு இருக்கும் தென்னையை ஒலியால் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்றைச் செய்து 2010இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

அது ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல. புழு தின்னும் சத்தம் தொடர்ந்து கேட்பதில்லை. சின்னச் சின்ன வெடிப்புகளாக, கொத்தாக வந்து நிற்கும். இடையில் ஓலை உரசும், அணில் ஓடும், பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு மிசின் போடுவார்கள். எந்தச் சத்தம் புழுவுடையது என்று பூச்சியை அறிந்தவர் சொல்ல வேண்டும். மற்றச் சத்தங்களை வடித்தெடுக்க ஒலி தெரிந்தவர் வேண்டும்.

"எங்கட முன்னோருக்கு இதெல்லாம் எப்பவோ தெரியும்" என்று மாமா அடுத்துச் சொல்வார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பெரியப்பாவின் காது பெரியப்பாவோடு போய்விட்டது. பத்து வயதில் நான் கேட்காததை இன்றைக்கும் கேட்க வழியில்லை. ஒலிப்பதிவு இருந்திருந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அவர் சொன்னது சரியா என்று சண்டையாவது பிடித்திருக்கலாம்.

காது என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. என் வயது யாழ்ப்பாணத்தாருக்குக் காது படித்த பாடம் வேறு. போர்க்காலத்தில் வானில் வருவது ஹெலியா, பொம்பரா, கிபிர் ஜெட் விமானமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடியவர்கள் நாங்கள். இப்போது ஒரு பிள்ளை அதே மண்ணில் புழுவின் சத்தத்துக்குக் காது கொடுக்கிறாள் என்றால், எனக்கு அது ஒன்றே போதும். சரி, அதை விடுங்கள்.

சிப்ஸ் கதையும் உண்மைதான். 2004இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த சம்பினி, ஸ்பென்ஸ் என்ற இருவர் அதைச் செய்தார்கள். உருளைக்கிழங்குச் சிப்ஸை ஒலிவாங்கிக்கு முன்னால் கடிக்கச் சொல்லி, கடித்தவரின் சத்தத்தையே ஹெட்போனில் அவருக்குக் கேட்க வைத்தார்கள். ஒட்டுமொத்தச் சத்தத்தையோ, அதில் கீச்சென்றிருக்கும் உயர் மீடிறன் (அதிர்வெண்) பகுதியை மட்டுமோ கூட்டியபோது அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாக, புதிதாகத் தெரிந்தது. 2008இல் அதற்கு இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆய்வுக்குக் கொடுப்பது அது. மாமா பாதிப் பரிசை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

எங்கள் அம்மா பாயில் காயும் ஒடியலில், அதாவது பிளந்து காயவிட்ட பனங்கிழங்கில், ஒன்றை எடுத்து முறித்துப் பார்ப்பா. டக்கென்று முறிந்தால் டின்னுக்குள் போகும், வளைந்தால் இன்னும் இரண்டு வெயில். உணவுத் தொழில்நுட்பக்காரர் கேட்பதும் அம்மாவின் கேள்விதான். அவர் அதற்கு எண் கேட்கிறார். ஈரம் எவ்வளவு ஏறினால் சத்தம் எவ்வளவு இறங்குகிறது? நொறுக்கும் கருவியோடு ஒலிவாங்கியைச் சேர்த்து அளக்கிறார்கள். மாரி மழைக்குள் மிக்ஸர் நமத்துப் போவதைப் பார்த்தவர்கள் இதற்குச் சிரிக்கக் கூடாது.

சூழலியலில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒலிப்பதிவுக் கருவிகளைக் காட்டில் கட்டிவிட்டு வந்து, எந்தப் பறவை எப்போது கூவியது என்று கணினியைக் கொண்டு எண்ணுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், செத்த பவளக் குவியல்களுக்கு அருகே நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து, உயிரோடு இருக்கும் பவளத்திட்டின் சத்தத்தை நாற்பது நாள் போட்டார்கள். சத்தம் போடாத குவியல்களைவிட அங்கே இரண்டு மடங்கு மீன் வந்தது. 2019இல் வெளியானது. மீன் வந்ததே தவிர, செத்த பவளம் பாட்டுக் கேட்டு எழும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே மட்டக்களப்பு வாவியின் பாட்டு இருக்கிறது, நிலவு இரவுகளில் நீருக்கடியிலிருந்து இசை போலக் கேட்கும் சத்தம். 1848இல், அப்போது இங்கே பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்தார். பாடுவது மீனா, ஊரி என்ற ஓட்டுயிரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒலிக்காரரும் உயிரியல்காரரும் ஒரே தோணியில் இருந்து பல நிலவு பார்த்திருந்தால் என்று நான் யோசிப்பதுண்டு.

இனி மாமாவின் கூழ். அதில் அவருக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தலைப்பில் மூன்று துறைகளின் பெயரைப் போட்டு, மூன்று பேர் தனித்தனியாக எழுதியதைக் கட்டிக் கொடுத்த அறிக்கைகளை நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் அதைக் கூழ் என்று சொன்னால் கூழுக்குத்தான் அவமானம். நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் ஒரு சட்டிக்குள் கிடந்துவிட்டால் கூழ் ஆகிவிடுமா? ஊறவிட்டு, தண்ணீரை வடித்துக் கசப்பெடுத்த ஒடியல் மா விழுந்து சட்டி தடிக்க வேண்டும். உங்கள் மகளிடம் அந்த மா இருக்கிறது: இந்த மரத்துக்குள் புழு உண்டா, இல்லையா? சிப்ஸும் பவளமும் இப்போதைக்கு அவளுக்கு வேண்டாம், ஆய்வுக்குள் அவற்றை இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அறிவியல் நகரிலேயே பொறியியல் பீடமும் இருக்கிறது. நடந்து போய், ஒலியில் விருப்பமுள்ள ஒரு பிள்ளையைப் பிடிக்கட்டும்.

மாமாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு விடியற்காலை அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகட்டும். காற்று எழும்ப முன்னம், மிசின் போட முன்னம், கோயில் ஒலிபெருக்கியும் பாண் ஓட்டோவும் தொடங்க முன்னம். ஹெட்போனை அவர் காதில் மாட்டி, நல்ல மரம் ஒன்றையும் புழு விழுந்த மரம் ஒன்றையும் கேட்க விடட்டும். எது எந்த மரம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்.