தினம் ஒரு குடம் ஊற்றியும் மகிழம் கருகுவது ஏன்?

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு எங்களுடையது. ரோட்டிலிருந்து கிணற்றடி வரை பாதையின் இரு பக்கமும் சரக்கொன்றையும் மகிழமுமாக 24 கன்றுகளைப் போன ஐப்பசியில் நட்டேன். எல்லாம் ஆறடி உயரம். தினமும் காலையில் தூரில் ஒரு குடம் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். பங்குனியிலிருந்து கொன்றை இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, மகிழத்தில் இலை நுனி கருகுகிறது. கடையில் வேர் வளர்ச்சித் திரவமும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஜெல்லும் போடச் சொல்கிறார்கள். இரண்டு குடமாக ஊற்றட்டுமா ஐயா? கத்திரி வெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: கொன்றையைப் பற்றிய கவலையை விடுங்கள். பங்குனி, சித்திரையில் இலை உதிர்ப்பது அதன் குணம். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் மரம் நலம். மகிழம் அப்படியில்லை, வருஷம் முழுக்க இலை தாங்கும் மரம். அது நுனி கருகினால் கவனிக்கத்தான் வேண்டும்.

எத்தனை குடம் என்று கேட்கிறீர்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்தீர்களா? சுண்டுவிரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பி எடுத்து, தண்ணீர் ஊற்றிய மறுநாள் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குத்துங்கள். ஈரம் உள்ள வரை இறங்கும், காய்ந்த கரிசலில் நின்றுவிடும். ஒரு குடத்துக்கு அரை அடி நனைந்தால் அதிகம். தினமும் மேலே ஈரம் கிடைப்பதால் வேரும் மேலேயே கிடக்கிறது. சித்திரையில் முதலில் கொதிப்பதும் அந்த அரை அடி மண்தான். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். பாத்தியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நுனி கருகலுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 2000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் இரண்டு குடத்தால் உப்புதான் இரட்டிப்பாகும்.

தூரை ஒட்டி மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்துவிட்டு, சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு வட்டப்பாத்தி எடுங்கள். ஒரு தடவைக்கு 60 லிட்டர், நிதானமாக. அடியில் ஆணித்துளை போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளியைப் பாத்தியில் வைத்து மூன்று முறை நிரப்பினால் போதும். வேகமாகக் கொட்டினால் கரிசல் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், வேருக்கு மிஞ்சாது. ஆழமாக இறங்கும் தண்ணீர் உப்பையும் வேருக்குக் கீழே தள்ளிவிடும். ஆனால் நாளைக்கே வாரம் ஒரு தண்ணீர் என்று மாற்றிவிடாதீர்கள். மேலேயே பழகிய வேர் தாங்காது. முதலில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, அப்புறம் நாலு, பிறகு ஏழு என்று இழுங்கள். கம்பி ஒன்றரை அடி இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

இவ்வளவும் செய்து மண்ணை வெயிலுக்குத் திறந்து போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. கோடையில் மூடாக்கு இல்லாமல் கன்று வளர்ப்பதே தவறு என்பேன். தண்ணீர் தட்டுப்பாடு என்று எனக்கு எழுதுபவர்கள் பலருடைய பாத்தியில் ஒரு சருகுகூட இருப்பதில்லை. உங்கள் ஊரில் சோளத்தட்டை, பருத்திமார், கடலைப்பொட்டு எதற்கும் குறைவில்லை. அதை வரப்பில் போட்டுக் கொளுத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தட்டையை முழ நீளத்துக்கு வெட்டி, பாத்தி முழுக்க நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் காலியாக இருக்கட்டும். மண் வெடிக்காது, வேர் அறுபடாது, மூடாக்கை விலக்கிக் கை வைத்தால் உச்சி வெயிலிலும் சில்லென்று இருக்கும். கரையான் வரும் என்பார்கள். தட்டையை அது தின்றுவிட்டுப் போகட்டும், தண்டில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் சரி. சீமைக்கருவேலத் தழையைப் போடுவதானால் காயைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், முளைத்துத் தொலைக்கும்.

ஜெல் வேண்டாம். தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நீர் பிடிக்கும் என்ற பேச்சு உப்பில்லாத தண்ணீருக்கானது. உப்புத் தண்ணீரில் அது ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் தண்ணீர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஜெல்லை நீட்டுகிற கடைக்காரர் சொல்லும் வேர்த் திரவத்தையும் நம்பாதீர்கள். அந்தப் பணத்துக்குத் தட்டை வாங்கலாம்.

இன்னொன்று. ஆறடிக் கன்று சின்னப் பையில் வந்ததா? நர்சரிக்காரர்கள் உயரத்துக்குக் காசு வாங்குகிறார்கள், பைக்குள் வேர் சுருண்டு கிடப்பதைச் சொல்வதில்லை. நோஞ்சானாக இருக்கும் ஒரு மகிழத்தின் பக்கத்தில் மட்டும் மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். வேர் வெளி மண்ணுக்குள் போயிருக்கிறதா, பை அளவிலேயே நிற்கிறதா? வெளியே கரிசல் ஈரமாக இருக்கும்போதே உள்ளே பை மண் காய்ந்து கிடப்பதுண்டு. அப்படியிருந்தால் தூரில் அணைத்த மண்ணை எடுத்துவிடுங்கள். வேர் வெளியே வரும்வரை இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை வாளித் தண்ணீர் அந்தப் பை மண்ணின் மேலேயே விழ வேண்டும், பாத்தித் தண்ணீர் தனி. சுருண்ட வேரை இப்போது வெட்டாதீர்கள். மழை தொடங்கிய பிறகு பார்க்கலாம், அதற்குள் தோண்டிப் பார்த்ததை எழுதுங்கள்.