சொந்த ஊரை எழுதியவர் எழுத்தாளர் ஆக மாட்டாரா? பாமாவை முன்வைத்து ஒரு பதில்

"ஊரையும் உறவையும் வெளியே சொல்லிப் பெயர் வாங்கியவரை எழுத்தாளர் என்று எப்படி ஏற்பது? 'கருக்கு' என்ற ஒரு புத்தகம் இல்லையென்றால் பாமாவை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் எழுதி முடித்த நோட்டு ஒன்று இருக்கிறது, அதை அச்சுக்குக் கொடுத்தால் வீட்டில் என்ன பேச்சு வருமோ என்ற தயக்கமும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். வெறும் இலக்கிய ஆர்வத்தில் கேட்டவர் 'உறவையும்' என்ற சொல்லைச் சேர்த்திருக்க மாட்டார். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் என்னால் கடந்து போக முடியவில்லை.

முதலில் அவருடைய வாழ்க்கை. பாமா 1958இல், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்தவர். அவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இயற்பெயர் பாஸ்டினா. தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் தலித் கத்தோலிக்கக் குடும்பம். தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த ராஜ் கௌதமன் அவருடைய அண்ணன். படித்து ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்ற நம்பிக்கையில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடத்துப் பள்ளிகள் வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்கே பயன்படுவதையும், மடத்துச் சுவருக்கு உள்ளேயும் சாதி இருப்பதையும் கண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1992இல் வெளியேறினார். கையில் வேலையும் இல்லாமல், போய் நிற்க ஓர் இடமும் இல்லாமல் இருந்த அந்த நாட்களில் எழுதிய தன்வரலாறுதான் 'கருக்கு'. அதே ஆண்டு நூல் வெளிவந்தது. அதன் பிறகு ஏழு மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. தங்களை இழிவாகக் காட்டிவிட்டதாக ஊரார் கொதித்தார்கள்.

பெயர் வாங்குவதற்காக எழுதினார் என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். வேலை போயிற்று, மடம் போயிற்று, ஊரும் கதவைச் சாத்தியது. பெயர் வந்ததெல்லாம் வெகு காலம் கழித்துத்தான். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றது. தமிழ்நாடு அரசின் அவ்வையார் விருது 2024இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலமெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆசிரியையாக இருந்து சம்பளத்தில் வாழ்ந்தபடியே எழுதினார். விருதுகளுக்கு நடுவே வேறொன்றும் நடந்தது: 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, கவிஞர் சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளும் வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் கதையும் ஒன்றாக நீக்கப்பட்டன. எழுதத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆன பின்னும் ஒருவருடைய எழுத்தைக் கண்டு யாரோ அஞ்சுகிறார்கள் என்றால், அது ஊர்வம்பாக இருக்க வாய்ப்பில்லை.

இனி 'ஒரே புத்தகம்' என்ற உங்கள் வாதம். 1994இல் 'சங்கதி', 1996இல் 'கிசும்புக்காரன்', 2002இல் 'வன்மம்' என்று தொடர்ந்து எழுதியவர் அவர். 'கருக்கு' தன்னைப் பற்றிய நூல் என்றால், 'சங்கதி' தன் தெருப் பெண்கள் அத்தனை பேருடைய பேச்சையும் ஏச்சையும் பாட்டையும் ஒன்றாகக் கொண்டுவந்த நூல். தன் கதையைச் சொல்லி முடித்ததும் கடையைக் கட்டிவிட்டுப் போகவில்லை. அடுத்திருந்தவர்களின் கதைக்குள் நுழைந்தார். 'கருக்கு' ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் அது பிறந்தது முதல் வரிசையாக அடுக்கிச் சொல்லும் வரலாறு கிடையாது. வேலை, விளையாட்டு, கோயில், பள்ளிக்கூடம் என்று வெவ்வேறு பக்கங்களிலிருந்து அதே ஊருக்குள் திரும்பத் திரும்ப நுழைகிறது. அதில் வரும் வடைப் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கயிற்றில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போவதைப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பது அவளுக்கு வேடிக்கையாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான், கை பட்டால் தீட்டு என்பதால் அப்படித் தூக்கிப் போனார் என்று அண்ணன் விளக்குகிறார். அந்தச் சிரிப்பை முதலில் வைத்து, விளக்கத்தைப் பின்னால் வைத்தாரே, அதுதான் எழுத்தாளரின் கை. அழுதுகொண்டே தொடங்கியிருந்தால் அந்தப் பக்கம் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்காது.

இவ்வளவு உறுதியாகப் பேச உனக்கு என்ன தகுதி என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்பார். நான் கோத்தகிரியில் தமிழாசிரியை. என் பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தபோது, அந்தக் கணக்கில் அடங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பின் நீலகிரிக்கு வந்து தனியார் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அந்த வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டிருக்கிறேன். பாமாவின் அனுபவமும் என் அனுபவமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சுமந்த சாதி இழிவு நான் சுமந்ததல்ல. உறவுகளைப் பற்றி அச்சில் எழுதிவிட்டு, அதே உறவுகளின் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் உட்காருவது எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத்தான் பேசுகிறேன்.

என் நூலில் ஒரு பக்கம் பெரிய சிக்கலை உண்டாக்கியது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வலுக்கும். அந்த நாட்களில், கூலிக்காக எடை போடும் தேயிலைக் கொழுந்து நனைந்து கனக்கும் என்பதால் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள்; சாக்குக்கென்று தனியாகக் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. தோட்டக் கணக்கரான ரைட்டர் காலையில் சொல்வதை மேஸ்திரி மாலையில் செய்வார். எங்கள் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் உடன்பிறந்த தம்பி. ஒரு மாலை நான் அம்மா இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியைப் பிடித்துக்கொண்டு எடை போடும் இடத்தில் நின்றிருந்தேன். தராசு முள் பதினெட்டில் நின்றது. சித்தப்பா "பதினாலு" என்றார். பக்கத்தில் இருந்தவர் பதினாலு என்றே எழுதினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாக்கை உதறி மடித்தார். சித்தப்பா அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். அன்றைக்கு மற்ற பெண்களுக்கும் அதே கழிவுதான். அண்ணிக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக அவர் அம்மாவுக்கும் கழித்தார் என்பதை வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அதையும் சேர்த்தே எழுதினேன்.

அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே கேட்டவர், முடிந்ததும், "அன்னைக்கு ராத்திரி ஒங்க சித்தப்பா அரிசி கொண்டாந்து வச்சிட்டுப் போனாரே, அத ஏன் விட்டுட்ட?" என்றார். எனக்கு அது தெரியாது, நான் தூங்கியிருந்திருக்கிறேன். சித்தப்பா வாசலிலேயே நின்று, உள்ளே வராமல், துணிப்பையில் கட்டிய அரிசியைப் படியில் வைத்துவிட்டுப் போனாராம். அம்மா சொன்னபடியே நான்கு வரிகள் சேர்த்தேன். அவை சேர்ந்ததால் அந்த மனிதர் முழுமையானார், பக்கமும் நியாயமானது என்று மகிழ்ந்தேன்.

நூல் வந்த பிறகு சித்தப்பா மகன் அதை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அவர் கோபித்துக்கொண்டார். நான் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. "எடையக் கொறச்சேன்னு எழுதினதுக்கு எனக்கு வருத்தமில்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அது தொழிலு. அரிசிய எதுக்குப் புள்ள எழுதின? அது நான் அண்ணிக்குக் குடுத்தது. ஊருக்குக் காட்டவா குடுத்தேன்?" என்று கேட்டார். சித்திக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருடைய குறையை எழுதியது தவறில்லை, அவருடைய நல்லதை அம்பலப்படுத்தியதே தவறு என்பது அவர் வாதம். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. நல்லது கெட்டதுக்கு வருகிறார், அம்மாவிடம் பேசுகிறார், என் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். என்னிடம் மட்டும் பேசுவதில்லை.

"அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள், என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. குறைந்தது அம்மாவின் கூலி. அரிசி வந்து சேர்ந்தது அம்மாவின் வாசற்படி. எழுதச் சொன்னவரும் அம்மா. அந்த மாலையும் அந்த இரவும் சித்தப்பாவுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு அம்மாவுக்கும் சொந்தம், தராசடியில் நின்று பார்த்த எனக்கும் சொந்தம். சித்தப்பாவின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் மறுபதிப்பு வந்தால் அந்த நான்கு வரிகளும் அப்படியே இருக்கும்.

இதனால்தான் பாமாவின் அந்த ஏழு மாதங்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். எனக்கு ஒரு சித்தப்பா. அவருக்கு ஓர் ஊர். நாவலாசிரியர் தன் பாத்திரங்களை விட்டு எழுந்து போய்விடலாம். தன்வரலாறு எழுதியவரின் பாத்திரங்களோ பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள், நியாயவிலைக் கடை வரிசையில் முன்னால் நிற்பார்கள், பேத்தி காதுகுத்துக்கு வந்து பத்திரிகை வைப்பார்கள். நூல் வெளிவந்த மறுநாளிலிருந்து அவர்களோடுதான் வாழ வேண்டும். அந்த வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டு, சொன்னதைத் திரும்பப் பெறாமல், இரண்டே ஆண்டில் அதே மக்களைப் பற்றி 'சங்கதி'யை எழுதினாரே, அதைச் செய்யும் துணிவு எழுத்தைத் தொழிலாகக் கொண்ட பலருக்கும் வராது.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தன்வரலாறு எழுதியவர்களைக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், 'வாழ்ந்து காட்டியவர்', 'வலியைச் சொன்னவர்' என்று அறிமுகம் செய்கிறார்கள். எழுத்தாளர் என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. சமவெளியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். என்னோடு மேடையில் இருந்த நாவலாசிரியரிடம் நடையைப் பற்றி, உத்தியைப் பற்றி, எந்த அத்தியாயத்தை முதலில் எழுதினார் என்பதைப் பற்றியெல்லாம் கேட்டார்கள். என்னிடம் லயத்தில் எத்தனை அறை, கழிப்பிடம் இருந்ததா, அட்டை கடிக்குமா என்று கேட்டார்கள். அட்டை கடிக்கும்தான். ஆனால் முள் பதினெட்டில் நின்றதை எழுதிவிட்டு, சித்தப்பா சொன்ன எண்ணுக்கு முன்னால் ஒரு வாக்கியம் வைப்பதா வேண்டாமா என்று நான் எத்தனையோ இரவுகள் மாற்றி மாற்றி எழுதியதை யாரும் கேட்கவில்லை. பட்டவர் பட்டதைச் சொன்னால் அது தானாகவே புத்தகமாகிவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. உங்கள் கேள்வியிலும் அதன் சாயல் இருப்பதால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் லயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதே மழையில் நனைந்தார்கள். அதே தராசடியில் நின்றார்கள். புதுப்பட்டியிலும் அந்த வடைப் பொட்டலத்தைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

உங்கள் நோட்டைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலையை விட்டுவிடாதீர்கள், தன்வரலாற்று நூல் தமிழில் யாருக்கும் அடுப்பெரியும் அளவுக்குப் பணம் தருவதில்லை, பாமாவுக்கும் ஆசிரியப் பணியே சோறு போட்டது. யாருடைய கூலி குறைந்ததோ, யாருடைய உடம்பில் பட்டதோ, அவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே படித்துக் காட்டுங்கள். அவர் சேர்க்கச் சொல்வதைச் சேருங்கள். மற்றவர்கள் நீக்கச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீக்குவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 'கருக்கு' மட்டும் படித்திருக்கிறீர்கள் என்றால் 'சங்கதி'யையும் படித்துவிடுங்கள். அதன் பிறகும் அவரை எழுத்தாளர் என்று ஏற்க முடியவில்லையென்றால் எந்தப் பக்கத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.