ஆறு வயதுக் குழந்தைக்கு நெம்புகோல், கப்பி போன்ற எளிய இயந்திரங்களை வீட்டிலேயே செய்முறையாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பெயர்களில் தொடங்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும் என ஆறையும் ஒப்பிக்க வைத்தால், குழந்தை ஒப்பித்துவிடும். ஆனால் கைக்கு எதுவும் தெரிந்திருக்காது.

என் மகளுக்கு நெம்புகோலைக் கதவை வைத்துத்தான் ஆரம்பித்தேன். கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளச் சொன்னேன், கதவு லேசாகத் திறந்தது. பிறகு கீலிலிருந்து ஒரு சாண் தள்ளி அதே விரலை வைத்துத் தள்ளச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். "கதவு இந்தப் பக்கம் மட்டும் கனமா இருக்கு" என்றாள். அதைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். (கீல் இடுக்கில் விரல் போகாமல் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.)

அடுத்ததும் நெம்புகோல்தான், 30 செ.மீ. ஸ்கேலை வைத்து. ஆறு பட்டை உள்ள பென்சிலின் மேல், ஸ்கேலின் 15-ஆவது கோடு வரும்படி வையுங்கள். உருண்டைப் பென்சில் ஓடிவிடும். ஒரு பக்கம், நடுவிலிருந்து 6 செ.மீ. தள்ளி இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மறுபக்கம் அதேபோன்ற ஒரே ஒரு நாணயத்தைக் கொடுத்து, எங்கே வைத்தால் இரண்டும் சமமாகும் என்று குழந்தையையே தேட விடுங்கள். 12 செ.மீ. வரும்போது ஸ்கேல் தடுமாறும். அசையாமல் நிற்க வேண்டியதில்லை, சாயும் பக்கம் மாறுகிற இடம் தெரிந்தால் போதும். பென்சிலை ஓரத்துக்கு நகர்த்தி இதைச் செய்யாதீர்கள். ஸ்கேலின் எடையும் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டு கணக்கு உதைக்கும்.

கப்பியில் நானே தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். காலி நூல்கண்டு உருளையை ஒரு குச்சியில் கோத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, கயிற்றில் பொம்மை வாளியைக் கட்டி, "இப்போ இழுத்துப் பாரு, கனமே தெரியாது" என்றேன். இழுத்துவிட்டு, "இல்லம்மா, அதே கனந்தான்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. மேலே நிலையாக நிற்கும் ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும். கயிற்றின் முனையில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். நேராகத் தூக்கும்போது நீண்டதைவிட, உராய்வினால் ஒரு துளி கூடுதலாகவே நீண்டது.

பிறகு உருளையை வாளியின் கைப்பிடியில் மாட்டினோம். கயிற்றின் ஒரு முனையை மேலே குச்சியில் கட்டி, உருளைக்கு அடியில் நுழைத்து, மறுமுனையை மேல்நோக்கி இழுத்தாள். இந்த முறை ரப்பர் பேண்ட் முன்பைவிட நன்றாகவே குறைவாக நீண்டது. எனக்குப் பெரிதாகத் தோன்றியது அடுத்து நடந்ததுதான். கயிற்றைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சாண் இழுத்தா வாளி ஒரு சாண்தான் ஏறுது" என்றாள்! கனம் குறைந்ததற்கு ஈடாகத் தூரம் கூடிவிட்டது. 1600 வாக்கில் கலிலியோ எழுதிக் காட்டியதும் இதையேதான்: இயந்திரம் வேலையைக் குறைப்பதில்லை, விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுகிறது. எந்தச் செய்முறையானாலும் "எவ்வளவு லேசாச்சு?" என்று கேட்டு நிறுத்திவிடாமல், "எவ்வளவு தூரம் கூடுதலா இழுத்தே?" என்றும் கேளுங்கள்.

சாய்தளத்துக்குப் பலகையும் பொம்மை வண்டியும் அதே ரப்பர் பேண்டும் போதும். திருகுக்கு, செங்கோண முக்கோணமாகக் காகிதம் வெட்டி, சாய்ந்த ஓரத்தில் வண்ணம் தீட்டி, பென்சிலைச் சுற்றி உருட்டுங்கள். வண்ணக்கோடு திருகாணியின் மரைபோலச் சுற்றி ஏறும். சாய்தளத்தைச் சுருட்டினால் திருகு என்பதை வாயால் சொல்லவே தேவையில்லை. ஆப்புக்குக் கத்தரிக்கோலின் விளிம்பைக் காட்டினால் போதும்.

நாலு வயது என்றால் கதவும் பலகையும் போதும். அளந்து பார்க்கும் ஆசை ஐந்தரை, ஆறு வாக்கில் வரும், அப்போது கயிற்றை எடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அவர்கள் அதையே பத்து முறை திரும்பத் திரும்பச் செய்வார்கள். அந்தப் பத்து முறையும் நீங்கள் கையை நீட்டாமல் இருக்க வேண்டும், எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.