ஜிம்னி மாதிரி சின்ன ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் கேம்பிங் டிரெய்லர் இழுக்க முடியுமா? பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் யாராவது இழுக்கிறீர்களா?

இழுக்கிறேன்.

கேள்வி கேட்டவர் ஜிம்னி ஏற்கெனவே வைத்திருக்கிறாரா, இனிமேல்தான் வாங்கப் போகிறாரா என்று எழுதவில்லை. விளக்கத்தில் "இவ்வளவு சின்ன இன்ஜினுக்கு இழுவை போதுமா" என்று கேட்டிருக்கிறார். அதைப் பார்த்தால் வீட்டிலோ ஆபீஸிலோ யாரோ சிரித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என்னைப் பார்த்தும் நிறைய பேர் சிரித்தார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல் கியர். பின்னால் ஒற்றை அச்சு டிரெய்லர். மேலே இரண்டு பேர் படுக்கிற மடிப்புக் கூடாரம், வால் பக்கம் டிராயர் மாதிரி இழுத்தால் வெளியே வருகிற அடுப்படி. காலியாக 260 கிலோ, சாமான் ஏற்றினால் 400 வரை போகும். நான் இன்ஜினியர் இல்லை, டிரெய்லர் விற்கிறவனும் இல்லை. அதனால் "கமிஷன் எவ்வளவு" என்று கேட்க வருகிறவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

இழுவையைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்புகிற முறுக்கு விசை). இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 60 குதிரைத்திறன்தான். எடையும் கிட்டத்தட்ட ஜிம்னி எடைதான். அதற்குப் பின்னால் கால் டன் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு சேறு, மணல், மலை என்று எல்லா இடத்துக்கும் போனார்கள். "அப்போது வேகம் குறைவு சார்" என்று ஒருவர் வருவார். சரி, நீங்களும் மெதுவாகப் போங்கள். டிரெய்லர் கட்டிக்கொண்டு 60, 70-க்கு மேல் போக என்ன அவசரம்? ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கும், மைலேஜ் நன்றாக அடி வாங்கும், டேங்க் 40 லிட்டர்தான், பங்க் எங்கே என்று பார்த்துப் போக வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு இரண்டு கேள்விகள். எப்படி நிறுத்துவது, டிரெய்லரை வண்டியோடு மாட்டுகிற கொக்கியின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது.

ஆஸ்திரேலியாவில் ஜிம்னிக்குக் கொடுத்திருக்கிற இழுவை அளவைப் பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,300 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் வெறும் 350 கிலோ. வண்டி அதேதான், இன்ஜின் அதேதான். வித்தியாசம் முழுக்க நிறுத்துகிற விஷயத்தில் இருக்கிறது. அது அங்கே கொடுத்த கணக்கு. இங்கே உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். வாரண்டி போய்விட்டது என்று என்னிடம் வராதீர்கள்.

என் டிரெய்லர் 350-ஐத் தாண்டுவதால் பிரேக் வைத்ததாகத்தான் வாங்கினேன். கரண்ட் எதுவும் இல்லாத, ரொம்ப எளிமையான ஏற்பாடு. வண்டி பிரேக் பிடித்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளலே கொக்கிப் பக்கம் இருக்கிற தண்டை உள்ளே அழுத்தும். தண்டு கேபிளை இழுக்கும், கேபிள் டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே மாதிரி பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்க ஒரு லிவர் இருக்கும், வாங்கும்போதே காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கொக்கி எடை. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். என் கணக்கில் 40 கிலோ. அதிகமானால் என்ன ஆகும் என்று நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் கரும்பு சீசனில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாரம் ஏற்றிய டிராக்டர் மேடு ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்குமே, அதே கதைதான். ஜிம்னி அந்த அளவுக்குத் தூக்காது. ஆனால் ஸ்டியரிங் லேசாகும், ராத்திரியில் ஹெட்லைட் எதிரில் வருகிறவன் கண்ணுக்கு நேராகப் போகும். அப்புறம் இந்த 40 கிலோவும் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். ஜிம்னியின் வெற்று எடை 1,200 கிலோ சுமார், மொத்தம் போகலாம் என்பது 1,545. மிச்சம் சுமார் 340. நாலு பெரியவர்கள் ஏறினாலே 280 போய்விடும். டிரெய்லர் இருக்கிறதே என்று டிக்கியிலும் அடைக்காதீர்கள்.

கொக்கி எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சாமியார்பேட்டை போகும்போது பார்த்தோம். அங்கே கடற்கரை ஓரம் நண்பர் ஒருவருக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. மச்சானும் வந்தான், என் மனைவியின் தம்பி. காலையில் நான் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சாமான் ஏற்றியது அவன்தான். (இதைப் படிப்பான். படிக்கட்டும்.) அடுப்படி வால் பக்கம் இருக்கிறது, சமைக்கும்போது தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்று 20 லிட்டர் கேன் இரண்டையும், ஐஸ் பெட்டியையும், அரிசி மூட்டையையும் கடைசியில் வைத்துவிட்டான்.

கடலூர் வரை ஒன்றும் தெரியவில்லை. டவுனில் எங்கே வேகம் போக முடியும்? ஆலப்பாக்கம் தாண்டி ரோடு திறந்ததும் சிதம்பரம் போகிற தனியார் பஸ் ஒன்று எங்களை ஓவர்டேக் செய்தது. அந்த ரூட் பஸ் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ் உரசிப் போன காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது, உடனே மறுபக்கம். கண்ணாடியில் பார்த்தால் இடது சக்கரம் ஒரு தடவை தெரிகிறது, வலது சக்கரம் ஒரு தடவை தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜிம்னியின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து உலுக்குகிறது. "மாமா, பிரேக் அடிங்க மாமா" என்று மச்சான் கத்தினான்.

அடிக்கக் கூடாது. திருப்பிச் சமாளிக்கவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து மட்டும் மெதுவாகக் காலை எடுத்தேன். வேகம் இறங்க இறங்க ஆட்டம் தானாக அடங்கியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய இரும்புக் கடை, வாசலில் பிளாட்பார்ம் தராசு. டிரெய்லரைக் கழற்றி, கொக்கி வழக்கமாக நிற்கிற அதே உயரம் வருமாறு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, அதன் மேல் மூக்கை இறக்கினோம். கடைக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "புது வண்டி மாதிரி இருக்கே சார், எடைக்கா போடுறீங்க?" என்று கேட்டார். தராசு காட்டியது 14 கிலோ. கேன் இரண்டையும் அரிசியையும் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து கட்டினோம். 41. அங்கிருந்து தோப்பு வரை எந்த பஸ் வேண்டுமானாலும் முந்திப் போகட்டும் என்று போனோம், டிரெய்லர் அசையவில்லை. கடைக்காரர் தராசுக்குக் காசு வாங்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அடுப்படியை இழுத்துக் காட்டினோம்.

தோப்புப் பாதை பொலபொலவென்ற மணல். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் வண்டி டயரில் காற்றைக் குறைப்பார்கள், டிரெய்லர் டயரை மறந்துவிடுவார்கள். பின்னால் இரண்டு சக்கரம் கல்லு மாதிரி மணலை உழுதுகொண்டு வந்தால் முன்னால் என்ன செய்தாலும் வண்டி நின்றுவிடும். நான் ஆறு டயரையும் 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன், லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடுகிற நிலை) இரண்டாவது கியர், நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக உள்ளே போய்விட்டோம். தார் ரோட்டுக்கு வந்ததும் டூவீல் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற நடு டிஃபரன்ஷியல் ஜிம்னியில் கிடையாது, பிடிமானம் உள்ள ரோட்டில் ஃபோர்வீலில் ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

மணலுக்கு இன்னொன்றும் முக்கியம். டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள அகலம், வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலமாகவே இருக்க வேண்டும். ஜிம்னிக்கு அது 1.4 மீட்டர். அப்படி இருந்தால் வண்டி அமுக்கிப் போட்ட தடத்திலேயே டிரெய்லர் வரும், இல்லையென்றால் தனியாக இன்னொரு தடம் வெட்டிக்கொண்டு வரும். சக்கரமும் ஜிம்னி சக்கரமாகவே போட்டுக்கொண்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். ஜிம்னி, பழைய ஜிப்சி இரண்டுக்கும் போல்ட் அமைப்பு ஒன்றுதான், அதனால் பட்டறைக்காரர்களுக்குச் சக்கரம் மாட்டுகிற ஹப் கிடைப்பது சிரமமில்லை. தோப்பு வேறு, கடற்கரை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரை முழுக்க ஆமை முட்டையிட ஏறுகிற காலம். ரீல்ஸுக்காக அலை ஓரத்தில் வண்டி விடுகிறவர்களுக்கு என்னிடம் டிப்ஸ் கிடையாது.

டிரெய்லரோடு புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்கள் நேரத்தில் ஒரு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள், எல்லையில் சோதனை இருக்கும். பாட்டில் தேடுகிறார்கள், அது அவர்கள் வேலை, புரிகிறது. ஆனால் பி.ஒய். நம்பர், அதாவது புதுச்சேரிப் பதிவு என்றாலே ஒரு பார்வை. அடுப்படி டிராயரை இழுத்து, மிளகாய்த்தூள் டப்பா வரைக்கும் திறந்து பார்த்து, கூடாரத்தையும் விரிக்கச் சொன்னார்கள். விரிக்க ஐந்து நிமிடம், மடிக்க இருபது நிமிடம். மடிக்க யாரும் கை கொடுக்கவில்லை. பாட்டில் பரவாயில்லை, எனக்கு எரிச்சலே அடுத்த கேள்விதான்: "வரி மிச்சம் பண்ண பாண்டியில ரிஜிஸ்டர் பண்ணீங்களா?" ஐயா, வெளியூர்க்காரர்கள் பாண்டியில் வாடகை விலாசம் காட்டிப் பெரிய பெரிய கார்களைப் பதிவு செய்த கதை எனக்கும் தெரியும். அவர்களுக்காக இங்கேயே பிறந்து, இங்கேயே ரேஷன் கார்டு வைத்திருக்கிறவன் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டுமா? சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்தும்போதுகூட இதே கேள்வி, அதுவும் சொந்தக்காரர் வாயால். சரி, விடுங்கள்.

பதிவு என்றதும் ஞாபகம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் தனியாகப் பதிவு எண் வேண்டும். "எங்க ஊர் வெல்டிங் பட்டறையில் பாதி விலைக்கு முடித்துவிடுவேன்" என்று எழுதத் துடிக்கிறவர்கள், அதை எப்படிப் பதிவு செய்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெல்டிங் அருமையாக இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. அங்கீகாரம் வாங்கிய தயாரிப்பாளரிடம் பேப்பரோடு வாங்குங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ரிவர்ஸ் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், அவ்வளவுதான். சின்ன டிரெய்லர் சட்டென்று மடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. முடியாத சந்தில் கழற்றிவிட்டு இரண்டு பேர் கையால் தள்ளிவிடலாம். பெரிய கேரவன் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மலைக்குக் கொண்டுபோவீர்களா என்று கேட்டால், செஞ்சி வரைக்கும் சந்தோஷமாகப் போவேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏற்ற மாட்டேன். வளைவில் டிரெய்லர் சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும், இறங்கும்போது 400 கிலோ முதுகில் தள்ளும், எதிரில் பஸ் வந்தால் பின்னால் போக இடம் இருக்காது. போய் வந்தவர்கள் இருக்கலாம், வாழ்த்துகள்.

நீங்கள் ஏற்கெனவே ஏதாவது டிரெய்லர் பார்த்து வைத்திருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதை எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். பிரசுரத்தில் போட்டிருக்கிற எடையில் பெரும்பாலும் கூடாரமும் பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்திருக்காது. எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள், ஜிம்னிக்குத் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.