கேட்ச் பிடிப்பது எப்படி? கேளுங்கள், சொல்கிறேன்

தர்மபுரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்களுக்கு கிரிக்கெட் ஃபீல்டிங் சொல்லித் தருகிறேன். கேட்ச் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த பேட் வாங்கலாம் என்றால் பதில் வராது. அப்புறம், விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுக் கிரவுண்டுக்குப் போங்கள்.

அண்ணா, பந்து கையில் பட்டும் தெறித்துப் போகிறது. டென்னிஸ் பாலில் இருந்து ஸ்டிச் பால் என்கிற கெட்டித் தோல் பந்துக்கு இப்போதுதான் மாறினேன். (பென்னாகரம், கல்லூரி மாணவர்)

உன் கை பந்தை முட்டப் போகிறது தம்பி, கோளாறு அங்கேதான். வீடு கட்டுகிற இடத்தில் பத்து நிமிஷம் நின்று பார். கீழே இருப்பவர் செங்கல்லை வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். கல் ஏறி, வேகம் தீர்ந்து, அந்தரத்தில் நிற்கப் போகிற நேரத்தில்தான் கை வைப்பார். வைத்த கையும் விறைத்து நிற்காது, கல் போகிற வழியிலேயே ஒரு சாண் கூடப் போகும். சத்தமே கேட்காது.

பந்து உனக்காக அந்தரத்தில் நிற்காது. அதனால் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு சாணை. ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் பந்தை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் கையில் 65 கிலோ வைத்து அழுத்தியது போல இருக்கும். 30 சென்டிமீட்டர் பின்வாங்கி நிறுத்தினால் 11 கிலோதான். முழங்கையை நீட்டி வைத்தால் பின்வாங்க இடமே இருக்காது. மடக்கி வை.

ஹை கேட்ச் வந்தால் முன்னே ஓடுவதா, பின்னே ஓடுவதா என்று குழம்பி நின்றுவிடுகிறேன். (காரிமங்கலம்)

முதல் நொடி ஓடாதே, பார். பந்து உன் கண்ணில் ஏறுகிற வேகம் கூடிக்கொண்டே போனால் அது தலைக்கு மேல் போகிறது. ஏறுவது தளர்ந்தால் உனக்கு முன்னாலேயே விழும். ஒரே சீராக ஏறினால் நீ சரியான இடத்தில் நிற்கிறாய். இதைக் கணக்குப் போட வேண்டாம், ஐம்பது பந்து பார்த்தால் காலுக்கே தெரிந்துவிடும்.

பின்னால் போக வேண்டியிருந்தால் திரும்பி ஓடு. முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பின்பக்கமாகத் தத்தித் தத்திப் போனால் மல்லாக்க விழுவாய். 1983 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் மதன் லால் பந்தில் வெஸ்ட் இண்டீஸின் ரிச்சர்ட்ஸ் தூக்கியடித்ததை கபில் தேவ் பின்னால் ஓடித்தான் பிடித்தார். ரிச்சர்ட்ஸ் அப்போது 33 ரன் எடுத்திருந்தார். அந்தக் காட்சியில் கையைப் பார்க்காதே, காலைப் பார்.

ஆடி மாதக் காற்றில் மட்டும் பந்து இறங்கும்போதும் நகர்ந்துகொண்டே இரு. சீக்கிரம் போய் நின்றவன் ஏமாறுவான்.

கிளவுஸ் போட்டுக்கொள்ளலாமா சார்?

விக்கெட் கீப்பர் தவிர யாரும் போட விதியில் இடமில்லை.

மகனுக்கு எட்டு வயது. பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறான். அவன் அப்பா திட்டுகிறார். (கிருஷ்ணகிரி, ஒரு தாய்)

திட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கம்மா. முகத்துக்கு நேரே எதுவும் வந்தால் கண் தானாக மூடும், அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. பழைய சாக்ஸைச் சுருட்டி உருண்டையாக்கி நாலடி தூரத்தில் இருந்து மெதுவாகப் போடுங்கள். அது பழகியதும் டென்னிஸ் பாலில் மார்க்கரால் பெரிதாக எண்கள் எழுதி, பிடிக்கும் முன் கண்ணில் பட்ட எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணைத் தேடுகிற கண் மூடாது. மொட்டை மாடியில் தண்ணீர் பலூன் போட்டு உடையாமல் பிடிக்கச் சொன்னால் கை பின்வாங்குவதும் தானே வரும். நனைவான், பரவாயில்லை.

விரல் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா?

நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல் மேலே, இடுப்புக்குக் கீழே வந்தால் விரல் கீழே. உயரத்தில் இருந்து இறங்கும் பந்துக்கு இரண்டும் செல்லும். எனக்குப் பிடித்தது விரல் கீழே, சுண்டுவிரல் இரண்டும் ஒட்டி. நழுவினாலும் நெஞ்சில் பட்டு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

(ஓசூர்) அதெல்லாம் பழைய முறை சார். ஆஸ்திரேலியாக்காரர்கள் விரலை மேலே வைத்து நெற்றிக்கு முன்னால்தான் பிடிக்கிறார்கள்.

தெரியும். பந்தையும் கையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்பது அதில் நல்ல வசதி. தவறினால் அடி மூக்கில் விழும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

(அரூர்) டென்னிஸ் பாலுக்கு விரல் மேலே வைத்தால் துள்ளிப் போய்விடும். ஓசூர்க்காரர் ஏரிக் கிரவுண்டில் ஆடியதே இல்லை போல.

(ஓசூர்) ஆடியிருக்கிறேன். துள்ளினால் விரலை மூடத் தெரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு பேருமே பாதி சரி. டென்னிஸ் பால் 60 கிராம்கூட இல்லை. கை வலிக்காது, ஆனால் துள்ளும். அதற்கு விரல் சீக்கிரம் மூட வேண்டும். ஸ்டிச் பாலுக்குக் கை பின்வாங்க வேண்டும். அரூர்க்காரர் ஒரு பந்தைப் பற்றிப் பேசுகிறார், ஓசூர்க்காரர் இன்னொரு பந்தைப் பற்றி.

(அரூர்) அப்போது யார் சொன்னது சரி?

சரி, விடுங்கள்.

பந்து தெறிக்குது அண்ணா, என்ன பண்ண?

மேலே செங்கல்.

கேட்ச் வந்தால் கையை விட்டு ஓடுது அண்ணா.

செங்கல், தம்பி. செங்கல்.

பந்து விரல் நுனியில் பட்டு வீங்கிவிட்டது. நண்பன் சொடுக்கு எடுத்துவிட்டான், வலி கூடிவிட்டது. (பாலக்கோடு)

வீங்கின விரலை இழுக்காதீர்கள், இழுக்கவும் விடாதீர்கள். துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள், நாளைக்கே எக்ஸ்ரே எடுங்கள். நுனி தொங்கி, தானாக நிமிராவிட்டால் விரலை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்திருக்கலாம். அதற்குப் பட்டை கட்டி ஆறு வாரத்துக்கு மேல் மடக்காமல் வைக்க வேண்டும். என் இடது மோதிர விரல் இன்றைக்கும் கொக்கி மாதிரிதான் இருக்கிறது. எனக்கும் ஒருவர் சொடுக்கு எடுத்தார்.

பிடித்த உடனே பந்தைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடினால் அவுட்தானே?

பந்தும் உன் உடம்பும் முழுசாக உன் கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகுதான் கேட்ச். 1999 உலகக் கோப்பையில், ஹெடிங்லியில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா கொடுத்த கேட்சைத் தென்னாப்பிரிக்காவின் கிப்ஸ் அவசரப்பட்டு வீசப் போய் நழுவவிட்டார். ஸ்டீவ் வா அப்போது 56 ரன். கடைசியில் 120, அவுட்டே ஆகவில்லை.

நிச்சயதார்த்த மோதிரம் சார், கழற்றினால் வீட்டில் சண்டை. சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளவா?

டைவ் அடித்தால் அது நெஞ்சில் குத்தும். அம்பயர் பையில் கொடுத்துவிட்டு ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் வாங்குங்கள்.